மூச்சுக்குச் சாட்சி

“மூக்குக்குள்ள வளைஞ்ச எலும்பைத்தான் நிமித்தினாங்க சார், ஆளை மாத்தலையே,” என்றார் தணிகைவேல், மூச்சுப் பதிவு அலுவலக அதிகாரியிடம்.

அறுவை சிகிச்சை முடிந்து பதினோரு நாட்கள். மூச்சொலி கேட்டுத் திறக்கும் வீட்டுக் கதவு அவருக்கு மட்டும் திறப்பதில்லை; வேலையிடத்திலும் அப்படியே. பழைய மூச்சுப் பதிவை மாற்ற மனைவி மங்கையின் சாட்சி வேண்டும்.

“கண்ணை மூடிக்கிட்டு, மூச்சை மட்டும் கேட்டுச் சொல்லணும்மா. அதான் ரூல்ஸ்,” என்ற அதிகாரி, மங்கையின் மூக்கருகேயும் ஒரு கருவியை வைத்தார். பொய் சொன்னால் அவள் மூச்சே காட்டிக்கொடுத்துவிடும்.

பதினாறு வருடமாக அவள் அறிந்தது இடது நாசியில் இழுபடும் மெல்லிய சீழ்க்கையை. இப்போது கேட்டதோ யாருடையதாகவும் இருக்கக்கூடிய, சத்தமில்லாத மூச்சு.

தணிகைவேல் தணிந்த குரலில் சொன்னார்: “பதறாம, நிதானமா மூச்சு விட்டு, நான்தான்னு சொல்லிடு மங்கை.”