டெஸ்ட் பல்பு

"ராத்திரி வண்டி தானா எந்திரிச்சு ஊரு சுத்திட்டு வருதா, இல்ல நீரு ஓட்டிட்டுப் போறீரா வே?"

முதலாளி பெருமாள்சாமி இப்படிக் கேட்டதும் தறிச் செட்டு வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். டிரைவர் சண்முகையா மட்டும் அம்பாசடர் காரின் மட்கார்டைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார்.

"கோமதியம்மன் சத்தியமா இல்ல முதலாளி. ராத்திரி கொண்டாந்து விட்டா, காலையிலதான் சாவியைத் தொடுதேன்."

"அப்ப பேட்டரி எப்பிடி விடிஞ்சா செத்துக் கிடக்கு? தறியை நிப்பாட்டிட்டுப் பயலுவ வந்து வண்டியைத் தள்ளுதானுவ. நான் ராசபாளையம் போய்ச் சேருமுன்ன நல்ல நூலெல்லாம் வித்துப் போவுது. அப்பிடியே கிளம்புனாலும் நீரு மாட்டுவண்டிக்கு வழிவிட்டுல்லா ஓட்டுதீரு!" என்றவர், எலக்ட்ரீசியன் பக்கம் திரும்பினார். "ஏலே அய்யாத்துரை, இன்னைக்குக் காரணம் தெரிஞ்சாகணும். இல்லேன்னா நாளைக்கு வேற டிரைவர்."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பேட்டரிக் கடை வைத்திருக்கும் அய்யாத்துரைக்கும் இது புதிராகத்தான் இருந்தது. போன வாரம் வண்டியைத் தானே ஓட்டிப்போய், தன் கடையிலேயே ஒரு ராத்திரி நிறுத்திப் பார்த்தான். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. பேட்டரி நல்ல பேட்டரி, டைனமோவும் சரியாக இருந்தது. இந்தச் செட்டில் விட்டால்தான் சார்ஜ் இறங்கிவிடுகிறது.

சண்முகையா திருட்டுத்தனமாக வண்டி எடுக்கிற ஆள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அவன் மனைவி முத்துமாரியம்மாளைப் பாம்பு கடித்த அன்று, முதலாளியிடம் கேட்கக்கூட நேரமில்லாமல், இதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவர் அவர். அதற்காக வாங்கிய ஏச்சை இதுவரை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

"மனசுல வச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. கண்டுபிடிச்சிருவோம்" என்றபடி டீ கிளாஸை அவர் பக்கத்தில் வைத்தான்.

"தை மாசம் மக ஞானசெல்விக்குக் கல்யாணம்ப்பா. அது முடியற வரைக்கும் இந்தப் பொழப்பு ஓடுனாப் போதும். அப்புறம் நானே சாவியைக் குடுத்துருவேன்."

சொல்லிக்கொண்டே நகர்ந்தவரின் கால்பட்டு டீ கிளாஸ் உருண்டது. பாவம், முதலாளி ஏசியதில் ஆள் கலங்கிப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான் அய்யாத்துரை.

சண்முகையா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கோமதியம்மன் கோயில் புற்றுமண். கொஞ்சத்தை பானெட்டில் தடவினார். மிச்சத்தை நெற்றியிலும் இமைகளிலும் பூசிக்கொண்டார்.

"பேட்டரிக்குமா புத்துமண்ணு?"

"அவ தீர்க்காத சீக்கு உண்டாப்பா?"

அய்யாத்துரை சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்திருந்த பேட்டரியை மாட்டினான். "ராத்திரி வண்டியை எப்பிடி விடுவீங்களோ, ஒண்ணு விடாம அதே மாதிரி இப்பச் செய்ங்க அண்ணாச்சி. பகல்னு பாக்காதீங்க, லைட்டையும் போட்டு அணைங்க."

சண்முகையா வண்டியைக் கிளப்பி, விளக்கைப் போட்டு, சிறிது தூரம் பின்னால் போய், மெல்லத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். விளக்கு சுவிட்சை உள்ளே தள்ளினார். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, நாலு கதவையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "அவ்வளவுதான்ப்பா. எல்லாம் ஆஃப்."

வெயில் கண்ணாடியிலும் பம்பரிலும் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. அய்யாத்துரை பானெட்டைத் தூக்கி, பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, நடுவில் டெஸ்ட் பல்பைக் கொடுத்தான். பல்பு எரிந்தது.

"கோளாறு ஆம்பிட்டுக்கிட்டு அண்ணாச்சி! எல்லாத்தையும் அணைச்ச பிறகும் எங்கனயோ கரண்டு போவுது. பாருங்க, எரியுது!"

"ஆமாமா, எரியுது" என்றார் சண்முகையா அவசரமாக.

"இதைக் கையில பிடிச்சுக்கிடுங்க. நான் உள்ள உக்காந்து ஒவ்வொரு வயரா கழத்துதேன். பானெட்டு மறைக்கும், எனக்குத் தெரியாது. பல்பு அணைஞ்ச உடனே சத்தம் குடுங்க. அங்கனதான் கோளாறு."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஏறிய அய்யாத்துரைக்கு வயர் எதையும் தொட வேண்டிய வேலையே இருக்கவில்லை. விளக்கு சுவிட்ச் பாதியில் நின்றிருந்தது. தேய்ந்த சுவிட்ச். பெரிய விளக்கு அணைந்து, சின்ன விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. வெயிலில் அவனுக்கே தெரியவில்லை. ராத்திரி முழுக்க எரிந்தால் பேட்டரி என்ன ஆகும்? அவனுக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால், ராத்திரி இருட்டில், எரிகிற விளக்கு எப்படிக் கண்ணில் படாமல் போகும்?

சுவிட்சை முழுவதும் உள்ளே தள்ளினான். "அணைஞ்சிட்டா அண்ணாச்சி?"

"இல்லப்பா, எரியுது."

இன்னும் அழுத்தித் தள்ளினான். "இப்ப?"

"எரியுதுப்பா. நல்லா எரியுது."

அய்யாத்துரை ஓசைப்படாமல் இறங்கி முன்னால் வந்தான். சண்முகையாவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், அவர் கையில், பல்பு அணைந்து கிடந்தது. எதிரே வந்து நின்றவனையும் அவர் பார்க்கவில்லை.

"ஏய் அய்யாத்துரை," என்று காலியாக இருந்த சீட்டின் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார், "உள்ள தூங்கிட்டியா? நான் கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன், இன்னும் அணையலப்பா."

"என்னலே, தப்பு யாரு மேல?" என்று வீட்டுக்குள்ளிருந்து முதலாளி சத்தம் போட, "தேஞ்ச சுவிட்சு மேலதான் முதலாளி, வண்டி எங்கிட்ட இருக்கட்டும், நாளைக்கு நானும் அண்ணாச்சியும் மதுரைக்குப் போயிட்டு வந்துருதோம்" என்று, கண்ணாஸ்பத்திரியை மனதில் வைத்துச் சொன்ன அய்யாத்துரை, கலங்கிய கண்ணைத் துடைக்காமலே, சண்முகையாவின் கையிலிருந்த சாவியை மெல்ல வாங்கிக்கொண்டான்.