செருப்புக்கும் ஒரு சீட்டு

"அந்தம்மா பேரு எங்கேய்யா?"

கட்டுரையாளர் போட்ட சத்தத்தில், நினைவு இல்லத்தின் காவலாளி ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டார்.

"எந்தம்மா சார்?"

"எழுத்தாளரோட சம்சாரம்! வேற எந்தம்மா?"

மறைந்த எழுத்தாளர்கள் வாழ்ந்த வீடுகளைத் தேடிப்போய்ப் பார்த்து, வாரப் பத்திரிகையில் தொடர் எழுதுவது கட்டுரையாளரின் வேலை. இது இருபத்தேழாவது வீடு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் பத்து நிமிஷம் உருகுவார்; அடுத்த பத்து நிமிஷம் கொதிப்பார். குடையும் தண்ணீர் பாட்டிலுமாகக் கூடவே வரும் மனைவிக்கு இது மனப்பாடம்.

இன்றைக்கு உருகல் சீக்கிரமே முடிந்துவிட்டது. காரணம் அவள்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்த கைப்பிரதியைக் குனிந்து பார்த்தவள், "என்னங்க, இதுல ரெண்டு கையெழுத்து இருக்கு" என்று மெல்லச் சொன்னாள்.

"ஏம்ப்பா, இதுல ரெண்டு கையெழுத்து இருக்கே, யாராவது கவனிச்சீங்களா?" என்று அடுத்த விநாடியே அவர் உரக்கக் கண்டுபிடித்தார். இரண்டாவது கையெழுத்து எழுத்தாளரின் மனைவியுடையதாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, அவர் பெயரைத் தேடியதில்தான் அந்தச் சத்தம்.

"அந்தக் கோழிக்கிறுக்கல் ஐயாவோடது சார்" என்றார் காவலாளி. "ரெண்டு வரி எழுதிட்டு வெளியே கிளம்பிடுவாராம். மீதியெல்லாம் அந்தம்மாதான் எழுதி, அடிச்சு, திருத்தி முடிச்சு வைப்பாங்களாம். இந்த வீட்டுல வேலை செஞ்சவங்க சொல்லிக் கேள்வி."

"பேரு?"

"அது... தெரியலையே சார்."

கட்டுரையாளர் பொங்கிவிட்டார்.

"கைத்தடிக்குச் சீட்டு. மூக்குக்கண்ணாடிக்குச் சீட்டு. பிஞ்ச செருப்புக்குக்கூட 'எழுத்தாளரின் செருப்பு'ன்னு சீட்டு! ஆயுசு பூரா அவருக்காக எழுதின பொம்பளைக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாதா? இதுக்குப் பேரு நினைவு இல்லமா, மறதி இல்லமா?"

சுற்றிப் பார்க்க வந்திருந்த நாலைந்து பேர் கைதட்டினார்கள். ஓர் இளம்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டுரையாளரின் மனைவியிடம் வந்தாள்.

"நீங்க குடுத்து வெச்சவங்க ஆன்ட்டி."

அவள் தண்ணீர் பாட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, சிரித்து வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் காவலாளி. "இப்ப சொன்னதையே பார்வையாளர் நோட்டுல எழுதிடுங்க. மேலதிகாரிங்க வந்தா படிப்பாங்க. அந்தம்மாவுக்கும் ஒரு சீட்டு வந்தாலும் வரும்."

தடிமனான நோட்டையும் பேனாவையும் மேஜைமேல் வைத்துவிட்டு, மற்றவர்களை மாடிக்கு அழைத்துப் போனார்.

கட்டுரையாளர் நோட்டை மனைவி பக்கம் தள்ளினார்.

"இந்தா, சூடா நாலு வரி போடு. நான் வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்."

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இருபத்தாறு வீடுகளைப் பற்றியும் எழுதிய கைதான். பேனாவைத் திறந்து மளமளவென்று எழுதினாள்.

'இந்த வீட்டில் இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவர் பெயர் வாசலில் இருக்கிறது. இன்னொருவர், தன் பெயரை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தே போய்ச் சேர்ந்திருப்பார். கூடவே இருந்தவருக்கே கேட்கத் தோன்றாதபோது, காவலாளியைக் கேட்டு என்ன பயன்?'

போட்டோவை முடித்துக்கொண்டு வந்தவர் நோட்டை எடுத்துப் படித்தார். படித்து முடிக்கும்வரை அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரமாதம்! கடைசி வரி நச்சுன்னு இருக்கு."

அடியில் தன் கையெழுத்தை நீட்டி முழக்கிப் போட்டார்.

மாடியிலிருந்து இறங்கி வந்த காவலாளி படித்துப் பார்த்து அசந்துவிட்டார்.

"எப்படி சார்? அந்தம்மா மனசுக்குள்ள பூந்து பார்த்த மாதிரியே எழுதியிருக்கீங்க!"

"எல்லாம் அனுபவம்தாம்ப்பா."

காவலாளி பேனாவை மனைவி பக்கம் நீட்டினார்.

"அம்மா, நீங்களும் ரெண்டு வரி எழுதுங்களேன்."

அவள் கை நீட்டுவதற்குள் கட்டுரையாளர் பேனாவை வாங்கி மூடினார்.

"அவளுக்கு எழுத்தெல்லாம் வராதுப்பா. சும்மா எனக்குத் துணைக்கு வந்திருக்கா."