முத்துமாரி படித்த பலகை

நவீன்குமாரின் பலகையை முத்துமாரி ஒரே மூச்சில் படித்துவிட்டாள்.

ஜீவாவுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைத்து ஒப்பேற்ற முடியாது. கட்டிய மனைவியே எதிராளியின் எழுத்தை இத்தனை சுலபமாகப் படித்தால் யாருக்குத்தான் எரியாது?

ஆம்பூரை ஒட்டிய அந்தத் தோல் தொழிற்சாலையில், கழிவுநீர்த் தொட்டிக்குப் புதிய எச்சரிக்கைப் பலகை வைக்கப்போகிறார்கள். போன மாதம் ஒருவர் பழைய பலகையைச் சரியாகப் படிக்க முடியாமல் மூடியைத் திறந்து, மயங்கி விழுந்து, எப்படியோ பிழைத்துக்கொண்டார். அதற்காக ஜீவாவும் நவீன்குமாரும் ஆளுக்கொரு எழுத்துரு வரைந்திருந்தார்கள்.

யாருடையது என்று முடிவு செய்ய, பாதுகாப்பு அதிகாரி ரஃபத் ஜஹான் பார்வை மங்கிய தொழிலாளிகளாகப் பார்த்து வாசலருகே நிறுத்தியிருந்தார். தோல் தரம் பிரிக்கும் முத்துமாரியும் அதில் ஒருத்தி.

நவீன்குமாரின் எழுத்தில் அழகு கம்மி. ஆனால் சுழிகளுக்குள் வெள்ளையைத் தாராளமாக விட்டிருந்தான். தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கறுப்பு பரவி அந்த வெள்ளையை அடைத்துவிடும் என்பது ஜீவாவுக்கும் தெரியும். தெரிந்தும், தடித்த எழுத்தின் கம்பீரத்தைக் கைவிட அவனுக்கு மனம் வரவில்லை.

ஜீவாவின் பலகையைத் தூக்கிப் பிடித்தார்கள்.

முதலில் நின்றவர் தடுமாறினார். அடுத்தவர் கையை விரித்தார். ஜீவாவுக்கு முகம் செத்துவிட்டது.

முத்துமாரி கண்ணைச் சுருக்கக்கூட இல்லை.

“தொட்டிக்குள் இறங்காதே. விஷவாயு உண்டு” என்று கணீரென்று படித்தாள்.

நவீன்குமார் தலையைக் குனிந்துகொண்டான். ரஃபத் ஜஹான் ஜீவாவைப் பார்த்தார்.

வாரக்கணக்காக வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்து ஜீவா வரைந்து பழகிய வாசகம் அது. யாரும் மனப்பாடமாக ஒப்பித்துவிடக் கூடாதென்று, ரஃபத் ஜஹான் இன்று காலைதான் இரண்டு பலகைகளிலும் வாசகத்தை மாற்றச் சொல்லியிருந்தார். அவரையும் வரைந்த இருவரையும் தவிர வேறு யாருக்கும் அந்த மாற்றம் தெரியாது.

ஜீவாவின் பலகையில் இருந்தது: ‘முகமூடி இல்லாமல் மூடியைத் திறக்காதே.’

நவீன்குமாரின் பலகையையே மாட்டச் சொல்லி ரஃபத் ஜஹானிடம் மெதுவாகச் சொன்னான் ஜீவா. சொல்லும்போதும் வயிறு எரியத்தான் செய்தது.

அதற்குள் முத்துமாரி முகமெல்லாம் சிரிப்பாக அவனிடம் வந்துவிட்டாள்.

“பாத்தீங்களா, உங்களுத ஒரு எழுத்து விடாம படிச்சிட்டேன்.”