மடியிலிருந்த பை

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் என் பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்வேன். நிற்பவர்கள் தங்கள் சாமான்களை என்னிடம் கொடுத்துவிடாமல் இருக்க நான் போட்ட வேலி அது. நேற்று மார்க்கெட் நிறுத்தத்தில் பின்வாசலில் ஏறிய பெண்ணால் உள்ளே நகர முடியவில்லை. அவள் இடுப்பிலிருந்த குழந்தையை ஒருவர் கையில் வாங்கினார், அவரிடமிருந்து இன்னொருவர். தலைகளுக்கு மேலே மிதந்து வந்தது குழந்தை. "கொஞ்சம் புடிங்கக்கா" என்றது ஒரு குரல். நான் யோசிப்பதற்குள் பை கீழே கிடந்தது. மடியில் சூடாக, கனமாக ஒரு பயல் உட்கார்ந்து என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். "எம் புள்ள யாருகிட்ட இருக்கான்?" என்று பின்னாலிருந்து தாய் கேட்டாள். "எங்கிட்டதான், எங்கிட்டதான் இருக்கான்" என்று பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். தாய் இறங்கும் இடம் வந்ததும், அவன் வந்த கைகள் வழியாகவே திரும்பிப் போனான். மூக்குக்கண்ணாடியில் படிந்திருந்த எச்சில் விரல்தடத்தின் ஊடாகவே வீடுவரை தெருக்களைப் பார்த்துக்கொண்டு போனேன். இன்றும் அதே கூட்டம். மார்க்கெட் நிறுத்தம் வருகிறது. பையை எடுத்துக் காலடியில் வைக்கிறேன்.