புதன்கிழமை மிட்டாய்

2009 நவம்பர் 14, சனிக்கிழமை. வட சுவீடனில் லில்ஃபோர்ஸ் என்ற ஊரில், ஏழு வயது துவா காலை பத்து மணிக்கு விளையாடப் போனவள் வீடு திரும்பவில்லை என்று அவளுடைய அப்பா ஹோக்கான் நண்பகலில் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்.

திங்கட்கிழமை காவலர் ரூனே ஊரின் ஒரே மளிகைக் கடைக்கு வந்தார். கல்லாவில் பிரிட்டா இருந்தாள். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"வழக்கத்துக்கு மாறா யாராவது ஏதாவது வாங்கினாங்களா?"

பிரிட்டா கொஞ்சம் தயங்கினாள். "பீட்சா கடை சர்கோன் மிட்டாய் வாங்குவான். அரைக் கிலோ. புதன்கிழமையில."

ரூனேயின் பேனா நின்றது. "புதன்கிழமையிலயா?"

அந்த ஊரில் பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும்தான். அன்று காலையில் பெற்றோர்கள் வந்து, சுவரோரப் பெட்டிகளிலிருந்து கரண்டியால் அள்ளி, பிள்ளைக்கு ஒரு காகிதப் பை என்று நிரப்பி எடை போடுவார்கள். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் ஆள் போவதில்லை.

"அவனே தின்னுவானோ?"

"அவனுக்குச் சர்க்கரை வியாதி. காப்பிக்கே சர்க்கரை போட மாட்டான். தனி ஆளு வேற."

"சனிக்கிழமை வந்தானா?"

"இல்ல. எட்டு மணிக்குத் திறந்ததும் ஹோக்கான்தான் முதல் ஆளு. பொண்டாட்டி அனெட்டுக்கு ஆஸ்பத்திரியில நைட் ஷிஃப்ட், மத்தியானம்தான் வருவா, பிள்ளைங்க இன்னும் தூங்குதுங்கன்னு சொன்னான். பால், காப்பித்தூள், தொத்திறைச்சி, ஒரு பை மிட்டாய். பாவம், எப்பவும் போலப் பேசிட்டுப் போனான். ரெண்டு மணி நேரத்துல இப்படி ஆகும்னு யாரு கண்டா?"

ரூனே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சர்கோன் என்ற பெயரின் கீழ் இரண்டு கோடு போட்டார்.

செவ்வாய்க்கிழமை பீட்சா கடையைச் சோதனையிட்டார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி, அதில் பாதிக்கு மிட்டாய்.

"அப்பா அம்மாவோட வர்ற பிள்ளைங்களுக்குக் கொடுப்பேன்," என்றான் சர்கோன். பன்னிரண்டு வருடம் முன்பு சிரியாவிலிருந்து வந்தவன். "பீட்சா வேகுற வரைக்கும் அழாம இருக்குமே."

"வார நாள்லயா?"

"எங்க ஊர்ல மிட்டாய்க்குக் கிழமை கிடையாது."

"துவாவுக்கும் கொடுத்திருக்கியா?"

அவன் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டு அழுதான். அன்று மாலையே அவனைக் காவலில் வைத்தார்கள்.

மறுநாள் பீட்சா கடையின் கண்ணாடி உடைந்து கிடந்தது. மளிகைக் கடை வரிசையில், வெள்ளிக்கிழமை தவறாமல் அவனிடம் சாப்பிட்ட லாரி ஓட்டுநர் ஒருவர் சொன்னார்: "கோஸ் சாலட்டை எவ்வளவு வேணா எடுத்துக்கோன்னு சும்மா கொடுத்தானே, அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"பன்னெண்டு வருஷமா ஒரு மாதிரியேதான் தின்னியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை பனி கொட்டியது. இருநூறு பேர் கைகோத்து வரிசையாகக் காட்டைச் சல்லடை போட்டார்கள். ஆரஞ்சு மேலங்கி போட்டுக்கொண்டு ஹோக்கான் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். இடையில் ஃபிளாஸ்க்கில் காப்பி வாங்க வந்தவரிடம் பிரிட்டா பணம் வாங்க மறுத்துவிட்டாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னதாலதான் அவன் மாட்டினான், பிரிட்டா. அனெட்டும் நானும் இதை மறக்க மாட்டோம்."

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பிரிட்டா வெகுநேரம் அழுதாள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியும் அதில் இருந்தது.

மறுபடி சனிக்கிழமை வந்தது. எட்டு மணிக்குக் கடையைத் திறந்தார்கள். காட்டில் மரம் வெட்டும் ஊல்ஃப் இரண்டு மிட்டாய்ப் பைகளைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தான்.

"ரெண்டையும் ஒரே பையில கொட்டிடேன், வேலை சுலபம்," என்றாள் பிரிட்டா.

"நல்லாச் சொன்ன. ஆளுக்கு ஒண்ணு போகலன்னா வீட்ல ரத்தம்தான்."

அவள் சிரித்தாள். மீதிச் சில்லறையைக் கொடுத்தாள். அடுத்தவரின் பால் பெட்டியைக் கையில் எடுத்தவள், அதை அப்படியே கீழே வைத்தாள். வரிசையில் ஆறு பேர் காத்திருக்க, எழுந்து பின்னால் கிடங்கு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரூனேயைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சர்கோன் ஒத்துக்கிட்டானா?"

"இல்ல. வாயே திறக்கல. திறக்க வைப்போம். ஏன், இன்னும் ஏதாவது ஞாபகம் வந்துச்சா?"

"துவா வெளிய போனது பத்து மணிக்குன்னுதானே ஹோக்கான் சொன்னான்?"

"ஆமா. அதுவரைக்கும் தம்பி மெல்கரோட வீட்லதான் இருந்தாளாம்."

பிரிட்டா குரலைத் தாழ்த்தினாள்.

"எப்பவும் ரெண்டு பை எடுக்குறவன், அன்னைக்கு எட்டு மணிக்கே ஒரு பைதான் எடுத்தான், ரூனே."