கடமைப் பட்டியலில் இல்லாதது

விஜயலெட்சுமி செய்த குற்றம், வேலை நேரத்தில் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்தது.

குற்றப்பத்திரிகையில் இன்னும் இரண்டு இருந்தன. ஈரத் துடைப்பத்தை வார்டின் நடுவில் போட்டது ஒன்று. நோயாளியிடம் மருத்துவ விஷயம் பேசியது மற்றது. அவள் துப்புரவு வேலைக்காரி. பேசுவது அவளுடைய கடமைப் பட்டியலில் இல்லை.

அன்று சின்னராசா என்ற நோயாளியின் குடலிறக்க ஒப்பரேஷன் நின்றுபோனது. பதுளையிலிருந்து வந்திருந்த டொக்டர் கோபத்தோடு திரும்பிப் போனார். யாரால் என்று மேலிடம் கேட்டது. "பட்டினியாக இருப்பதாக என்னிடம் சொன்ன நோயாளியை, துப்புரவுப் பெண் பேசிக் குழப்பிவிட்டாள்" என்று வார்டுத் தாதி சந்திமா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

விஜயலெட்சுமி நான்கு வருடமாகத் தற்காலிகம். அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாக இருந்தது. குற்றம் நிரூபணமானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீடு என்றால் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயக் காம்பிராவும் மறுபடி கொழுந்துக் கூடையும்.

விசாரிக்க ஏக்கநாயக்க என்ற அதிகாரி வந்திருந்தார். சிரித்தால் லீவில் ஒரு நாள் கழிப்பார்கள் என்று பயந்தவர் போல இருந்தது முகம்.

"சாட்சியைக் கூப்பிடுங்கள்" என்றார் சிங்களத்தில்.

சின்னராசா வந்து, மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு நின்றார். மடுல்சீமையில் முப்பத்தைந்து வருடம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். சிங்களத்தில் அவருக்கு வாய்த்தது 'ஹரி' என்ற ஒரே சொல். சரி என்று அர்த்தம். உத்தியோகத்தர்கள் எதைக் கேட்டாலும் அதைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று பழகியிருந்தார்.

"மொழிபெயர்ப்பாளர் எங்கே?"

"அந்தப் பதவி மூன்று வருடமாகக் காலி, சேர்" என்றார் ஆஸ்பத்திரி நிர்வாக உத்தியோகத்தர்.

"வேறு யாருக்குத் தமிழ் தெரியும்?"

அறையிலிருந்த எல்லோரும் விஜயலெட்சுமியைப் பார்த்தார்கள்.

விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்டவரே மொழிபெயர்க்கக் கூடாது என்று எங்கும் இல்லை. இப்படியும் ஒரு நாள் வரும் என்று அதை எழுதியவருக்குத் தோன்றியிருக்காது, பாவம்.

ஆக, நோயாளியிடம் பேசியதற்காக விசாரணைக்கு நிறுத்தப்பட்டவள், நோயாளியிடம் பேசும்படி பணிக்கப்பட்டாள்.

"மாமா, அன்னைக்கி என்னா நடந்துச்சுன்னு கேக்குறாங்க. சொல்லுங்க."

"என்னாத்த சொல்ல, புள்ள? காலையில அஞ்சு மணிக்கு, சம்சாரம் கட்டிக்குடுத்த ரொட்டியத் தின்னுட்டு சாயத்தண்ணி குடிச்சேன். விடியக்காலையில பேர் குடுக்க பெரட்டுக்குப் போயிப் பழகுன வயிறு, அந்த நேரத்துக்குக் கேக்குமுல்ல? அப்புறம் இந்த மிஸ் வந்து சிங்களத்துல என்னமோ கேட்டாங்க. 'ஹரி மிஸ்'னேன். இன்னொன்னு கேட்டாங்க. அதுக்கும் 'ஹரி'ன்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. நீ வந்து ஒக்காந்து தமிழ்ல கேட்டதாலதான ரொட்டி தின்ன கதையே வெளிய வந்துச்சு? தின்ன வயித்தோட மயக்க ஊசி போட்டிருந்தா செத்தே போயிருப்பேனாம், பக்கத்துக் கட்டில்ல சொன்னாங்க. மிஸ் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல, காகிதத்தத்தான் பாத்தாங்க. நீதான் என் உசுரக் காப்பாத்துன. ஒரு சொல்லு விடாம சொல்லு."

விஜயலெட்சுமி சந்திமாவைப் பார்த்தாள். சந்திமா தன் கைக்குட்டையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்துநான்கு வயது. அவளுடைய வேலையும் இன்னும் உறுதியாகவில்லை. அன்று நாற்பது கட்டிலுக்கு அவள் ஒருத்திதான், முந்தின இரவும் அவளுக்குத்தான் வேலை. நாற்பது கட்டிலுக்கு அடியிலும் துடைக்கிறவளுக்கு அது தெரியாதா?

விஜயலெட்சுமிக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் சொன்னாள்:

"மிஸ் ஒழுங்காகத்தான் கேட்டாராம். இவர்தான் ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் பயத்தில் மறைத்தாராம். நான் கால் வலிக்காகத்தான் கட்டிலில் உட்கார்ந்தேன், சேர்."

அவ்வளவு நேரம் பேசியது இத்தனை சின்னதாக வந்ததில் யாரும் சந்தேகப்படவில்லை. அதிகாரி சின்னராசாவிடம் சிங்களத்தில் கேட்டார்.

"இதுதான் நீங்கள் சொன்னதா?"

"ஹரி மாத்தயா" என்றார் சின்னராசா, மிகுந்த திருப்தியோடு.

அதிகாரி வெகுநேரம் எழுதினார். பிறகு முதல் பக்கத்தைச் சந்திமாவிடம் நீட்டினார்.

"சத்தமாக வாசித்துக் கையெழுத்துப் போடுங்கள்."

சந்திமா வாசித்தாள். அஞ்சு மணி ரொட்டி இருந்தது. சாயத்தண்ணி இருந்தது. முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்ததும் இருந்தது. அங்கே அவள் குரல் உடைந்துவிட்டது. சின்னராசா தமிழில் சொன்னது முழுவதும் சிங்களத்தில் அப்படியே இருந்தது. பக்கத்தின் கடைசி வரியை அவள் இரண்டு தரம் வாசித்தாள்: 'தவறு தாதியினுடையதல்ல. மூன்று வருடமாக ஆள் போடாதவர்களுடையது.'

தன் பொய் பிடிபட்டுவிட்டது என்று விஜயலெட்சுமிக்குப் புரிந்தது. விசாரணையில் பொய் சொன்னால் அன்றே வேலை போய்விடும். அது மட்டும் விதிப் புத்தகத்தில் தெளிவாக இருந்தது.

ஏக்கநாயக்க அவள் பக்கம் திரும்பினார். முதல் தடவையாகத் தமிழில் பேசினார்.

"நான் மடுல்சீமை பஜார்ல பொறந்து வளந்தவன்ம்மா. தமிழ் தெரியும்னு சொல்லிட்டு ஒக்காந்தா, சாட்சிங்க பாதியத்தான் பேசுவாங்க."

"சேர்... நான் சொன்னது வந்து..."

"நீங்க சொன்னதையும் எழுதியிருக்கேன். அது ரெண்டாவது பக்கத்துல இருக்கு, 'நிரந்தரமாக்குவதற்கான காரணம்'னு கேட்டிருக்குற எடத்துல."