கை தூக்காதவள்

"இந்த மாதிரி ஆளை என் ஏலத்துல நான் நிக்கவே விடமாட்டேன்" என்றார் அப்பா.

சொன்னது சொந்த மகளிடம். பெரியவள் தன் முன்னால் இருந்த இருபது பொத்தான்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு மீன் சந்தையில் ஏலம் விடும் வேலை. விடியற்காலையில் மரப்பெட்டிமேல் ஏறி நின்று அவர் குரல் கொடுத்தால் சந்தையே வாயை மூடிக்கொள்ளும். வீம்புக்கு விலை கேட்டு வாங்கிவிட்டு, வெயில் ஏறியதும் தலையில் கைவைத்து உட்காரும் வியாபாரிகளை இருபது வருஷமாகப் பார்த்தவர். வீட்டுப் பிள்ளைகளாவது காசின் அருமை தெரிந்து வளரட்டும் என்று அவரே கண்டுபிடித்ததுதான் இந்தச் சனிக்கிழமை விளையாட்டு.

அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஆளுக்கு இருபது பொத்தான். அதுதான் காசு. ஏலத்துக்கு மூன்றே சரக்கு; என்னென்ன என்று முதலிலேயே சொல்லிவிடுவார். கடன் கிடையாது, இனாம் கிடையாது, எடுத்த சரக்கை இன்னொருவருக்குக் கைமாற்றவும் கூடாது.

ஆட்டக்காரர்கள் மூன்று பேர். பன்னிரண்டு வயசுப் பெரியவள், ஆறு வயசுச் சின்னவன், அடுத்த தெருவிலிருந்து வரும் அப்பாவின் தங்கை மகன். அவனுக்குப் பதிமூன்று. அப்பா அவனை 'மாப்ளே' என்றுதான் கூப்பிடுவார். கெட்டிக்காரன். வாராவாரம் நல்ல சரக்கு அவனுக்குத்தான். சின்னவனோ முதல் சரக்குக்கே பொத்தானையெல்லாம் கொட்டிவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பான்.

அன்றைக்கு முதல் சரக்கு, ஒரு மணி நேரம் டிவி ரிமோட். மாப்பிள்ளை இரண்டு பொத்தானுக்குக் கேட்டான். பெரியவள் நாலு என்றாள். அவன் ஐந்து, அவள் ஏழு. போட்டி என்று வந்துவிட்டால் பின்வாங்குவது அவன் ஜாதகத்திலேயே இல்லை. ஒன்பதுக்குப் போனதும் அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டாவது, ஒரு வாரத்துக்கு அப்பாவின் சைக்கிள். அதிலும் அதே கதை. அவனைப் பத்து வரை ஏற்றிவிட்டு நழுவிவிட்டாள். மாப்பிள்ளையிடம் மிச்சம் ஒரே ஒரு பொத்தான். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது அப்போதுதான். சந்தையிலும் இப்படிச் சில பேர் உண்டு. வாங்கும் எண்ணமே இருக்காது. விலையை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். பிறகு விற்றவனிடம் போய்க் கையை நீட்டுவார்கள். அதையெல்லாம் எடுத்துச் சொல்லி, தன் வீட்டிலேயே அப்படி ஒன்று முளைக்கும் என்று நினைக்கவில்லை என்றார். விளையாட்டுதானே, விடுங்க என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அவர் விடுவதாக இல்லை.

மூன்றாவது சரக்கு பாக்கி இருந்தது. மறுநாள் விடியற்காலையில் அப்பாவோடு சந்தைக்குப் போய், பெட்டிமேல் அவர் பக்கத்தில் நின்று மணி அடிக்கலாம். அவர் அதை ஏலத்தில் வைத்ததே பெரியவளுக்காகத்தான். இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவரும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார்.

சின்னவன் கை தூக்கினான். அதிசயமாக அன்றைக்கு அவனிடமும் இருபது பொத்தான் அப்படியே இருந்தது.

"ரெண்டு பொத்தான்."

"ரெண்டு பொத்தான், ஒருதரம்" என்ற அப்பா பெரியவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"ரெண்டுதரம்..."

அந்த ரெண்டுதரத்தை அவர் இழுத்த இழுப்புக்கு, சந்தையாக இருந்தால் மீனாலேயே அடித்திருப்பார்கள்.

"கேக்கலையாம்மா?"

"இல்லப்பா."

"மூணுதரம்."

சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை கண்டித்தால் இவ்வளவு ரோஷமா, இரண்டு வருஷ ஆசையை உதறிவிட்டாளே என்றார். அம்மா, உங்களைக் கொண்டுதானே பிறந்திருக்கா என்று சோற்றைப் பரிமாறினாள்.

மறுநாள் சைக்கிள் மாப்பிள்ளை வீட்டில் இருந்ததால், அப்பாவும் சின்னவனும் இருட்டோடு இருட்டாக நடந்தே கிளம்பினார்கள். முதல் சரக்குக்கு ஏன் கை தூக்கவில்லை என்று அப்பா பேச்சுக்குக் கேட்டார்.

"அக்காதான், கடைசி வரைக்கும் கையைத் தூக்காதேன்னு சொன்னா. மத்ததை அவ பாத்துக்கறேன்னா."

அப்பாவின் நடை கொஞ்சம் தளர்ந்தது.

"சந்தைக்கு வர உனக்கு அவ்வளவு ஆசையாடா?"

"கிளாஸ்ல அவங்கவங்க அப்பா வேலையைச் சொல்லச் சொன்னாங்க. எங்கப்பா கத்துவாருன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீ ஒரு தடவை நேர்ல பாத்துட்டேன்னா யாரும் சிரிக்க முடியாத மாதிரி சொல்லலாம்னு அக்கா சொன்னா."

சந்தை வரும்வரை அப்பா அதையே நினைத்துக்கொண்டு நடந்தார். விலையை ஏற்றிவிட்டவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். ஏற்றிவிட்டு, திட்டும் வாங்கிக்கொண்டு, தனக்கென்று ஒன்றுமே எடுக்காமல் போன ஆளைப் பார்த்ததில்லை. ஒரு பொத்தான் தப்பியிருந்தால் வேண்டாத சரக்கு அவள் தலையில் விழுந்திருக்கும். எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பழுத்த வியாபாரிகளுக்கே பிடிபடாத கணக்கு.

அன்றைக்கு அவர் குரல் சந்தைக்கு வெளியே தெருமுனை வரை கேட்டது. சின்னவன் மணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐஸ் பெட்டிக்காரர் அவன் கன்னத்தைத் தட்டி, "என்னண்ணே, தொழிலுக்கு வாரிசைக் கூட்டிட்டு வந்துட்டீங்க போல" என்றார்.

"இவன் வேடிக்கை பாக்க வந்திருக்கான்" என்றார் அப்பா, நெஞ்சு நிமிர. "வாரிசு வீட்ல தூங்கறா."